கேன் தண்ணிக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை: அப்போ எதைப் பார்த்து வாங்குறது?

இன்னைக்கு எபிசோடு, நம்ம வீட்டு மூலையில நிக்கிற 20 லிட்டர் கேனைப் பத்தி. சேலையூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டைன்னு இந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிற பல பேருக்குக் குடிதண்ணின்னாலே கேன் தண்ணிதான். போன் பண்றோம், அண்ணா கொண்டு வந்து வைக்கிறார், காலி கேனை எடுத்துட்டுப் போறார். ஸ்டிக்கரை யாரும் படிக்கிறதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை கேன் தண்ணியும் ஓர் உணவுப் பொருள்தான். அதனால தயாரிப்பாளரோட பேர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரிச்ச தேதி, எப்போ வரைக்கும் குடிக்கலாம் என்கிற விவரம் எல்லாம் அதுல இருக்கணும்.

2001 மார்ச்சிலிருந்து இதோட ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமா இருந்துச்சு. ரெண்டு அமைப்புகள்கிட்ட தனித்தனியா சான்று வாங்க வேண்டியிருக்குன்னு தயாரிப்பாளர்கள் ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. 2024 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்தக் கட்டாயத்தை நீக்கிடுச்சு. அடுத்த மாசமே குடிநீரை 'அதிக ஆபத்துள்ள உணவு' பட்டியல்ல சேர்த்துச்சு. அதாவது, லைசென்ஸ் தர்றதுக்கு முன்னாடியே ஆலையை நேர்ல ஆய்வு செய்யணும். அப்புறம் வருஷா வருஷம் தணிக்கையும் நடக்கணும். ஆக, இப்போ நம்ம கையில மிச்சமிருக்கிற முக்கியமான அடையாளம் அந்த லைசென்ஸ் எண்தான்.

லேபிளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு கேனை மாதிரியா எடுக்கிறார், அது அரசு ஆய்வகத்துக்குப் போகுது, 14 நாள்ல அறிக்கை வரணும்னு சட்டம் சொல்லுது. தண்ணி சரியில்லைன்னு வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. யார் மேல நடவடிக்கை எடுக்கிறது? கேன் பல கை மாறுற பொருள். கேன் உடம்புல ஒரு கம்பெனி பேர் இருக்கும், உள்ளே தண்ணி நிரப்பினது வேற யாராவதா இருக்கலாம். அன்னைக்கு அதை நிரப்பினது யாருன்னு காட்டுறது பேட்ச் எண்ணும் தேதியும்தான். அது இல்லைன்னா, கெட்ட தண்ணி எந்த ஆலையிலிருந்து வந்துச்சு, அதே தண்ணி இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்குன்னு கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். அதனாலதான் தண்ணி சுத்தமா இருந்தாலும் லேபிள் தப்பா இருந்தா அதுவே தனிக் குற்றம். அபராதம் 3 லட்சம் ரூபாய் வரைக்கும் போகலாம்.

சரி, நாம என்ன பண்ணலாம்? கேன் வந்ததும் சீலை உடைக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, மூடியோட சீல் பிரியாம இருக்கா? ரெண்டு, தேதியும் பேட்ச் எண்ணும் படிக்கிற மாதிரி இருக்கா, இல்ல அழிஞ்சு போயிருக்கா? மூணு, 14 இலக்க லைசென்ஸ் எண் இருக்கா? தமிழ்நாடு அரசுத் துறை கொடுத்த லைசென்ஸ்னா 124-ன்னு ஆரம்பிக்கும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யோட ஃபாஸ்காஸ் இணையதளத்துல அந்த எண்ணைப் போட்டா, அது யாருக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுபடியாகுதான்னு தெரிஞ்சுடும். அங்க வர்ற பேரும் ஸ்டிக்கர்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும்.

சந்தேகமா இருந்தா சீலோட சேர்த்து போட்டோ எடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையோட 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்க. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்துல வருது, அதனால மாவட்டத்தையும் ஏரியா பேரையும் மறக்காம எழுதுங்க. கேன் போடுற அண்ணாகிட்ட சண்டைக்குப் போக வேண்டாம். பல நேரம் அவர் வாங்கி விக்கிறவர்தான். "இது எந்த பிளான்ட் தண்ணி அண்ணா?"ன்னு கேளுங்க, போதும்.

லைசென்ஸ் எண் இருக்கிறதாலேயே தண்ணி சுத்தம்னு அர்த்தம் கிடையாது. ஆனா ஏதாவது தப்பு நடந்தா பதில் சொல்ல ஒருத்தர் இருக்கார்னு அர்த்தம். அடுத்த கேன் வர்றப்போ ஒரு நிமிஷம் அந்த ஸ்டிக்கரைப் படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.