‘டபூ’ என்றால் என்ன?

ஆங்கில நூல்களில் ‘டபூ’ என்னும் சொல்லை நீங்கள் சந்தித்திருக்கக்கூடும். அகராதியைப் புரட்டினால் ‘விலக்கப்பட்டது’, ‘தடை’ என்று பொருள் கிடைக்கும். பொருள் தவறன்று, ஆனால் போதாது. சிவப்பு விளக்கு எரிகையில் வண்டியை ஓட்டிச் செல்வதும் தடை செய்யப்பட்டதுதான். அதை எவரும் ‘டபூ’ என்பதில்லை. அங்கே தடுப்பது சட்டம். மீறினால் அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்பலாம். ‘டபூ’வை மீறுகிறவனுக்கோ, காவலர் எவரும் பார்க்காவிட்டாலும் உடல் கூசும், ஊராரும் விலகி நிற்பர். ஏன் கூடாது என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது. கேட்பதே தவறு என்பார்கள்.

ஆங்கிலத்தில் வழங்கினாலும் இது ஆங்கிலேயரின் சொல் அன்று. 1777ஆம் ஆண்டு கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் தம் மூன்றாவது பயணத்தில் பசிபிக் கடலிலுள்ள டோங்காத் தீவுகளில் தங்கினார். கப்பலில் விருந்துண்ண அழைக்கப்பட்ட தீவினர் உட்காரவும் இல்லை, ஒரு வாய் உண்ணவும் இல்லை. காரணம் கேட்டபோது ‘தபு’ என்றார்கள். குக் அதைத் தம் குறிப்பில் எழுதிக்கொண்டார். 1784இல் பயண நூல் வெளிவந்ததும் சொல் ஐரோப்பா எங்கும் பரவியது. நியூசிலாந்தின் மாவோரி மக்களும் ‘தபு’ என்கிறார்கள்; ஹவாயில் அது ‘கபு’; பிஜியில் ‘தம்பு’ என ஒலிக்கும். டோங்கா மொழியில் ‘ப’ ஒலிக்கு வல்லோசை, மெல்லோசை என்ற பொருள் வேறுபாடு கிடையாது. ஆகவே குக்கின் செவிக்கு அது எப்படியும் கேட்டிருக்கலாம். ஒரே ‘ப’வை ‘பல்’ என்பதில் ஒருவிதமாகவும் ‘கம்பு’ என்பதில் வேறுவிதமாகவும் ஒலிக்கும் நமக்கு இது வியப்பாகாது. (நம் ‘தப்பு’தான் அங்கே போய்த் ‘தபு’ ஆயிற்று என்று சொல்லக் கிளம்பிவிடாதீர்கள்! ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு வந்துவிடாது.)

தீவினரிடம் இச்சொல்லுக்கு ‘புனிதமானது’ என்ற பொருளும் உண்டு. டோங்காவின் பெரிய தீவின் பெயரே ‘டோங்காதபு’. தலைவனின் தலையும் தபு, பிணமும் தபு. ஒன்று உயர்ந்தது, மற்றது அஞ்சத்தக்கது என்று நாம் பிரிக்கிறோம். அவர்கள் இரண்டையும் ‘எளிதில் தொடக்கூடாதது’ என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். ஆங்கிலத்துக்கு வந்த சொல் புனிதத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு விலக்கை மட்டும் கப்பலேற்றிக்கொண்டது.

டஹிட்டித் தீவில் சொற்களுக்கும் விலக்கு வந்தது. அங்கே ஆண்ட அரச மரபின் பெயர் போமாரே. அப்பெயரில் ‘போ’ என்றால் இரவு, ‘மாரே’ என்றால் இருமல். அரசன் பெயரின் பகுதிகளைக் கண்டபடி வழங்கலாகாது என்பதால் இரவுக்கு ‘ருஇ’ என்றும் இருமலுக்கு ‘ஹோட்டா’ என்றும் வேறு சொற்கள் வழக்கில் வந்தன. இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்று சொல்லும் மங்கல வழக்கை நன்னூலில் படித்த நீங்கள் இதைக் கண்டு நகைக்கமாட்டீர்கள்.

ஹவாயில் விலக்கு கடுமையாக இருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், பல வகை வாழைப்பழம் ஆகியவை பெண்களுக்கு ஆகா. மீறினால் உயிருக்கே ஆபத்து. 1819இல் முதலாம் கமேஹமேஹா அரசர் இறந்தார். அதே ஆண்டு அவர் மகன் லிஹோலிஹோ, ஒரு விருந்தில் பெண்களின் பந்திக்குச் சென்று அமர்ந்து உண்டார். அவரைத் தூண்டியவர்கள் அவருடைய தாயும், மறைந்த அரசரின் மற்றொரு மனைவியான காஅஹுமானுவும் ஆவர். வானம் இடிந்து விழவில்லை. பழைய முறையை விட மறுத்த உறவினர் கேகுஅஓகலானி படை திரட்டிப் போரில் மடிந்தார். கிறித்தவப் பாதிரிமார் வந்து இறங்கியது அடுத்த ஆண்டில்தான் என்பதைக் கவனியுங்கள். விலக்கை முறித்தவர்கள் அத்தீவினரே.

அப்படியானால் விலக்குகள் யாவும் வெறும் மூடநம்பிக்கைதானா? அவசரப்பட வேண்டாம். பிஜியின் யசாவாத் தீவில் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சுறா, விலாங்கு போன்ற மோரே மீன், சீலா, கடலாமை ஆகியவற்றை உண்பதில்லை. காரணம் கேட்டால், சுறாவைத் தின்றால் குழந்தையின் தோல் சொரசொரப்பாகும் என்பது போன்ற விடைகள் வரும். ஆராய்ச்சியாளர் ஜோசப் ஹென்ரிக்கும் நாடலி ஹென்ரிக்கும் இதை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பவளப்பாறைகளில் பாசிகளோடு ஒட்டி வாழும் நுண்ணுயிர் ஒன்று நஞ்சை உண்டாக்குகிறது. பாசி தின்னும் சிறு மீனில் அது சேர்கிறது. அச்சிறு மீன்களை விழுங்கும் பெரிய மீனில் மேலும் திரள்கிறது. ‘சிகுவாடெரா’ எனப்படும் இந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சமைத்தாலும் அழிவதில்லை. வாந்தி, பேதி, நரம்புக் கோளாறு ஆகியவை தோன்றும். கருவிலுள்ள சிசுவையும் அது தாக்கலாம், தாய்ப்பாலிலும் கலக்கலாம். விலக்கப்பட்ட பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் இத்தகைய ஆபத்து மிகுந்த உயிர்களே. பெண்கள் சொன்ன காரணம் பிழை. அவர்கள் கைக்கொண்ட வழக்கம் காத்தது.

ஆனால் ஹவாய்ப் பெண்ணுக்கு வாழைப்பழத்தை மறுத்ததில் எந்த நஞ்சும் மறைந்திருக்கவில்லை. யசாவாவின் கணக்கை அங்கே கொண்டுபோய்ப் போட இயலாது. ஒவ்வொரு விலக்கையும் தனித்தனியே எடுத்து, யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன இழப்பு என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

தமிழில் எழுதும்போது ‘டபூ’வை என்னென்று பெயர்ப்பது? ‘தடை’ என்றால் சட்டத்தின் வாடை அடிக்கிறது. ‘தீட்டு’ என்றால் புனிதப் பொருள் விடுபட்டு அருவருப்பு மட்டும் மிஞ்சுகிறது. ‘விலக்கு’ என்பது பெரும்பாலும் பொருந்தும் என்பது என் கருத்து. பசிபிக் தீவுகளைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘தபு’ என்றே வைத்துக்கொள்கிறேன்.