உருவம் ஒன்று, இனம் வேறு

கோவளத்தை ஒட்டிய முட்டுக்காடு உப்பங்கழியில், நீர் வடியும் வேளையில் சேற்றுத்திட்டுகள் வெளிப்படும். குளிர்காலத்தில் அவற்றின்மீது சிறு பறவைகள் சில ஓடுவதும், சட்டென நிற்பதும், குனிந்து இரை கொத்துவதுமாக இருக்கும். மேற்புறம் மண்நிறம், கீழ்ப்புறம் வெண்மை. தொலைவிலிருந்து காண்போர்க்கு அனைத்தும் ஒன்றே. உண்மையில் அக்கூட்டத்தில் வெவ்வேறு சிற்றினங்கள் கலந்திருக்கலாம்.

மணல் உப்புக்கொத்திகள் எனப்படும் இப்பறவைகளுள் பெரியது, துருக்கி முதல் மங்கோலியா வரையுள்ள அரைப் பாலைநிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. சிறியது, திபெத், பாமிர் முதலிய உயர்ந்த மேட்டுநிலங்களில் பிறப்பது. பாலையில் பிறந்ததும் மலையில் பிறந்ததும் நெய்தல் நிலத்தில் ஒருங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சென்னைக் கடற்கரையில் சிறியதே மிகுதி, பெரியது குறைவு.

பெரியது 22 முதல் 25 செ.மீ. நீளமும், சிறியது 18 முதல் 21 செ.மீ. நீளமும் உடையவை. ஆயினும், ஒளிப்படத்தில் தனித்து நிற்கும் பறவையின் அளவை மதிப்பிட இயலாது. எனவே, அளவை விடுத்து விகிதத்தை நோக்க வேண்டும். அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தொலைவை அலகின் நீளத்தோடு ஒப்பிடுக. அலகு அத்தொலைவினும் நீண்டிருப்பின் பெரியதாகலாம்; சமமாகவோ குறைந்தோ இருப்பின் சிறியதாகலாம். பெரியதன் கால்கள் நீண்டு, பெரும்பாலும் வெளிர்மஞ்சளோ பசுமையோ கலந்திருக்கும். சிறியதன் கால்கள் பொதுவாகக் கருமை மிகுந்தவை. பறக்கும்போது பெரியதன் விரல்கள் வாலுக்கு அப்பால் தெளிவாக நீண்டு தெரியும்.

இவ்வடையாளங்களும் சில வேளைகளில் ஏமாற்றும். பறவை சற்றே முகம் திருப்பினால் அலகு குறுகித் தோன்றும். சேறு படிந்தால் வெளிர்ந்த காலும் கருமையாகும். மாலை வெயில் மண்நிறத்தைச் செம்மையாக்கிக் காட்டும். அதனால் ஒரே படத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், பக்கவாட்டிலும் பறக்கும் நிலையிலும் எடுத்த பல படங்களை ஒப்பிடுதல் வேண்டும். நாளும் இடமும் குறித்துவைத்தலும் இன்றியமையாதது.

துணைச் சிற்றினங்களைப் பிரித்தறிதல் இதனினும் அரிது. குளிர்காலத்தில் மங்கியிருக்கும் இறகுகள், வடக்கே திரும்பும் பருவத்தில் வண்ணம் பெறும். மார்பில் செம்பட்டை தோன்றும். அப்போது திபெத்தியப் பிரிவின் ஆண்பறவைக்கு நெற்றி பெரும்பாலும் கருமையாக இருக்கும். சைபீரியப் பிரிவிற்கோ வெண்ணெற்றியும், தொண்டைக்கும் மார்புப் பட்டைக்கும் இடையே மெல்லிய கருங்கோடும் உண்டு. நெடுங்காலம் இவ்விரண்டும் ஒரே சிற்றினத்தின் பிரிவுகளாகவே கருதப்பட்டன. 2022இல் வெளியான மரபணு ஆய்வு, திபெத்தியப் பிரிவு சைபீரியப் பிரிவைவிடப் பெரிய மணல் உப்புக்கொத்திக்கே நெருங்கிய உறவுடையது எனக் காட்டியது. இதனையொட்டி அவை இரு சிற்றினங்களாகப் பிரிக்கப்பட்டன. தோற்ற ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது என்பதை இது உணர்த்துகிறது.

பெயரில் இத்துணை நுணுக்கம் எதற்கு என்னும் வினா எழலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இனப்பெருக்கம் செய்யும் அனுமன் உப்புக்கொத்தி, பரந்து வாழும் வேறொரு பறவையின் துணைச் சிற்றினமாகவே எண்ணப்பட்டு வந்தது. 2023இல்தான் தனிச் சிற்றினம் என நிறுவப்பட்டது. பரந்து வாழும் அப்பறவையின் கணக்கில் அது சேர்ந்திருந்தவரை, நம் கடற்கரையில் அதன் எண்ணிக்கை குறைந்தாலும் அக்குறைவு கண்ணில் படாது. சரியான பெயர் இருந்தால்தான் சரியான கணக்கு உண்டு. கணக்கு இருந்தால்தான் காப்பதற்கு வழி பிறக்கும்.

பறவை ஆர்வலர் எடுக்கும் படங்கள் இன்று இத்தகைய கணக்கெடுப்புகளுக்குத் துணைசெய்கின்றன. ஆதலின் தவறான பெயர் ஒருவரோடு நில்லாமல் பதிவுகளையும் சேர்த்துக் கெடுக்கும். அடையாளங்கள் தெளிவாக இல்லாத படத்தின்கீழ் ‘மணல் உப்புக்கொத்தி, சிற்றினம் துணியப்படவில்லை’ என எழுதுவது அறியாமையன்று. கண்டதை மட்டுமே சொல்லும் அறிவியல் நேர்மை.