வீட்டுக்குள் மெலியும் கொடிக்கு வெளிச்சமும் கொழுகொம்பும்

நமது அங்கத்தினர் பலரது இல்லங்களிலும் சங்க அலுவலகங்களிலும் மணி பிளாண்ட் என்னும் கொடியை இன்று காணலாம். விவசாய அங்கத்தினர் சிலர் இதனைத் தொட்டிகளில் வளர்த்து விற்றும் வருகின்றனர். ஆனால் வாங்கிச் சென்ற சில மாதங்களில், கணுவுக்குக் கணு இடைவெளி அகன்று, இலை சிறுத்து, கொடி வெறுங்கயிறுபோல் தொங்கிவிடுகிறது. வாங்கியவருக்குப் பணம் வீண். விற்றவருக்குப் பெயர் கேடு. உரம் போதாமையே காரணமென்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் உண்மைக் காரணம் வெளிச்சக் குறைவேயாகும்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள மொரேயா தீவு இக்கொடியின் தாயகம். அங்கு இது மரங்களைப் பற்றி ஏறி, உயரத்திலுள்ள வெளிச்சத்தை அடைகிறது. அவ்வாறு ஏறிய கொடியில் இரண்டடிக்கு மேற்பட்ட இலைகளும் உண்டாகும். இருட்டில் வைத்தாலோ, இலைக்குச் செலவிட வேண்டிய சத்தைத் தண்டை நீட்டுவதிலேயே செலவிட்டு, ஒளியைத் தேடி அலைகிறது.

வெற்றிலைக் கொடி அகத்தி நிழலில் செழிக்கவில்லையா என்று கொடிக்கால் வைத்திருப்போர் வினவக்கூடும். கொடிக்கால் நிழல் வேறு. வீட்டு மூலையின் இருள் வேறு. திறந்தவெளியில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஜன்னலருகே அது சில ஆயிரமாகும். அறையின் உள்மூலையிலோ நூறு, இருநூறாகக் குறைந்துவிடும். நமது கண் மங்கலுக்குப் பழகிக்கொள்வதால் இவ்வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை.

இதனை அறியச் சுலபமான வழி ஒன்று உண்டு. பகல் வேளையில் தொட்டிக்கு மேல் ஓரடி உயரத்தில் கையை நீட்டுக. நிழலின் உருவம் தெரிந்தால் அவ்விடம் ஏற்றது. நிழலே விழாவிடில் ஏற்றதன்று. கிழக்கு ஜன்னலின் காலை வெயில் நன்மை தரும். மேற்கு வெயில் இலையைக் கருக்குமாதலால், இடையில் மெல்லிய பருத்தித் துணியைத் தொங்கவிடுதல் நலம்.

ஜன்னலற்ற அறையாயின், 10 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கைக் கொடிக்கு மேல் ஓரடித் தூரத்தில் அமைத்து, நாள்தோறும் 12 மணி நேரம் எரியவிடலாம். முப்பது நாளைக்கு 3.6 யூனிட் மின்சாரமே செலவாகும். தூரம் அதிகரித்தால் பயன் விரைவில் குறையும்.

ஒன்றை நினைவிற்கொள்க: ஏற்கெனவே நீண்ட தண்டு மீண்டும் குறுகாது. ஆகவே அதனை நறுக்கி, இரண்டிரண்டு கணுக்கள் உள்ள துண்டுகளாக்கி, கீழ்க்கணு நனையுமாறு நீரில் வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். நான்கைந்து துண்டுகளை ஒரே தொட்டியில் நட்டால் கொடி அடர்ந்து காணும். தாய்த்தண்டின் எஞ்சிய கணுக்களும் துளிர்க்கும்.

அடுத்தது கொழுகொம்பு. மூங்கில் கழியில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுக. உப்பு நீங்க, கயிற்றை முன்னரே நல்ல நீரில் ஊறவைத்து அலசுதல் வேண்டும். துண்டுகளை நடும்போதே கழியையும் தொட்டியின் அடிவரை ஊன்றிவிட்டால், பின்னர் வேர் அறுபடாது. தறியில் மிஞ்சும் கழிவு நூலைக்கொண்டு, இலைக்காம்பை விடுத்துத் தண்டை மட்டும், தளர்வாகக் கட்டுக. கயிற்றை ஈரமாக வைத்திருந்தால் கணுவேர்கள் தாமே பற்றிக்கொள்ளும். புதிய இலைகளும் வரவரப் பெரிதாகும். வெளிச்சமின்றிக் கொழுகொம்பு மட்டும் நாட்டுவதாற் பயனில்லை.

இவ்விலையை மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாதவாறு வைத்தல் அவசியம். தொட்டி விற்கும் அங்கத்தினர்கள் இந்த எச்சரிக்கையையும், தொட்டியை எங்கு வைப்பது என்பதையும் விற்கும்போதே சொல்லி அனுப்புவார்களாக. வாங்கியவர் வீட்டில் செடி செழித்தால், அடுத்த தொட்டிக்கும் அவர் நம்மிடமே வருவார்.