வடசென்னையில் தன்னார்வ நிலப்பட ஆக்கம்

வடசென்னையில் தன்னார்வ நிலப்பட ஆக்கம் என்பது இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய பகுதிகளின் தெருக்கள், கட்டிடங்கள், நீர்நிலைகள், பொது வசதிகள் ஆகியவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எனும் கட்டற்ற இணைய நிலப்படத்தில் பொதுமக்களே பதிவு செய்யும் கூட்டு முயற்சியைக் குறிக்கும். கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றை எவரும் தொகுப்பது போலவே, இந்நிலப்படத்தையும் பயனர் கணக்கு உள்ள எவரும் தொகுக்கலாம். துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், எண்ணெய்த் தொழிற்சாலைகள், மீனவர் குப்பங்கள் ஆகியன நெருங்கி அமைந்த இப்பகுதியில், ஓர் இடம் நிலப்படத்தில் இருப்பதும் இல்லாமற்போவதும் அங்கு வாழ்வோரின் பாதுகாப்போடு தொடர்புடையதாகும்.

பின்னணி

நவீன நில அளவையின் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தை அளந்த பெரும் முக்கோணவியல் நில அளவை, 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டில் இருந்து தொடங்கியது. அக்காலம் முதல் நெடுங்காலம் நிலப்படம் வரைதல் அரசின் பணியாகவே இருந்தது. 1767 இல் தோற்றுவிக்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை, 2005 ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கையின்படி, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசையும் பொதுமக்களுக்கு மற்றொரு வரிசையுமாக நிலப்படங்களை வெளியிட்டது.

2004 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீவ் கோஸ்ட் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தைத் தொடங்கினார். இதனைப் பேணும் அறக்கட்டளை 2006 இல் பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் தன்னார்வலர்கள் புவியிடங்காட்டிக் கருவியுடன் தெருத்தெருவாகச் சென்று தடங்களைப் பதிந்து வந்தனர். 2010 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தனது பிங் வான்படங்களைப் பார்த்து வரைய இசைவு அளித்த பின்னர், வீட்டிலிருந்தபடியே கட்டிடங்களை வரைதல் இயலுவதாயிற்று. 2012 செப்டம்பர் முதல் இத்தரவு திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் இதனை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

இந்தியாவில் 2016 இல் வெளியான புவியிடத் தகவல் சட்ட வரைவு, இத்தகைய தரவைத் திரட்ட முன் உரிமம் வேண்டும் என்றும் மீறுவோருக்கு 100 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றும் கூறியது. எதிர்ப்பு எழுந்தது, அவ்வரைவு சட்டமாகவில்லை. இதற்கு மாறாக, 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள் முன் அனுமதித் தேவையைப் பெருமளவு நீக்கின. 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கை அறிவிக்கப்பட்டது. எனினும், துறைமுகம், மின்நிலையம் போன்ற காவல் உள்ள வளாகங்களுக்குள் அனுமதியின்றி நுழைந்து அளத்தலோ படமெடுத்தலோ கூடாது.

தரவின் அமைப்பு

இந்நிலப்படத்தின் தரவு மூன்று அடிப்படைக் கூறுகளால் ஆனது.

கணு: அகலாங்கும் நெட்டாங்கும் உடைய ஒரு புள்ளி. குடிநீர்க் குழாய், பேருந்து நிறுத்தம் போன்றவை இவ்வாறு குறிக்கப்படும்.

வழி: கணுக்களை வரிசையாக இணைக்கும் கோடு. தெரு, கால்வாய், இருப்புப்பாதை ஆகியன வழிகளாகும். கோடு தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் அது கட்டிடம், குளம் முதலியவற்றின் பரப்பைக் குறிக்கலாம்.

உறவு: பல கூறுகளைத் தொகுத்துக் கூறுவது. பேருந்துத் தடம், மண்டல எல்லை ஆகியன எடுத்துக்காட்டுகள்.

ஒவ்வொரு கூறுடனும் குறிச்சொற்கள் இணைக்கப்படும். குறிச்சொல் என்பது திறவு, மதிப்பு எனும் இரு பகுதிகள் கொண்டது. ஒரு பரப்புக்குக் கட்டிடம் எனும் திறவும் பள்ளி எனும் மதிப்பும் தந்தால், கணினி அதனைப் பள்ளிக் கட்டிடமாக அறிந்துகொள்ளும். ஒவ்வொரு மாற்றமும் பயனர் பெயர், நேரம் ஆகியவற்றுடன் சேமிக்கப்படுகிறது. முந்தைய பதிப்புகளும் அழிவதில்லை.

வரையும் முறை

பொதுவாகப் பணி இரு கட்டங்களாக நடைபெறும். முதலில் வான்படத்தைப் பார்த்துத் தெருக்களும் கட்டிடங்களும் வரையப்படும். பின்னர் களத்திற்குச் சென்று பெயர், பயன்பாடு, மாடிகளின் எண்ணிக்கை, தெருவின் அகலம் முதலியவை சேர்க்கப்படும். கட்டிடம் வரைகையில் கூரையின் விளிம்பை அன்றி, சுவர் தரையைத் தொடும் அடிப்பகுதியை வரைதல் வேண்டும். வான்படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால், உயரமான கட்டிடத்தின் கூரை அதன் உண்மையான இடத்திலிருந்து விலகித் தெரியும். வான்படமே சில மீட்டர்கள் நகர்ந்திருத்தலும் உண்டு. ஆகவே புவியிடங்காட்டித் தடங்களுடன் ஒப்பிட்டுச் சரிசெய்த பின்னரே வரையத் தொடங்க வேண்டும்.

எண்ணூரின் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் தகரக் கூரைகளும் கல்நார்க் கூரைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மேலிருந்து பார்க்கையில் பல வீடுகள் ஒரே பெரிய கொட்டகையாகத் தோன்றலாம். அவற்றிடையே செல்லும் குறுகிய சந்து முற்றிலும் மறைந்துவிடலாம். தீயணைப்பு வண்டி எதுவரை செல்லும், நோயாளியை எதுவரை தூக்கிவர வேண்டும் என்பவற்றை அச்சந்தே தீர்மானிக்கிறது. களப்பணி இன்றி இதனை அறிய இயலாது.

வான்படத்தின் காலமும் முதன்மையானது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. இத்தகைய நிகழ்வுக்குப் பின்னரும் பழைய வான்படத்தில் கட்டிடம் நின்றுகொண்டே இருக்கும். இல்லாத கட்டிடத்தை நீக்குவதும் நிலப்படப் பணியின் ஒரு பகுதியே.

நகரும் கடற்கரை

வடசென்னையின் கடற்கரை நிலையானது அன்று. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டன. இதனால் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது; வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலரிப்பு ஏற்பட்டது. கரையைக் காக்கப் பாறைச் சுவர்களும், கடலுக்குள் நீளும் கற்குவியல் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. இத்தடுப்புகளுக்கு எனத் தனிக் குறிச்சொல் உண்டு. கரைக்கோடு உயர் ஓத மட்டத்தில் வரையப்படும். வரையும் திசையில் நிலம் இடப்புறமும் கடல் வலப்புறமும் இருத்தல் வேண்டும் என்பது விதி. திசை மாறினால் நிலமும் கடலும் இடம் மாறித் தோன்றும்.

பெயர்கள்

ஓரிடத்திற்குப் பல மொழிகளில் பெயரிட இந்நிலப்படம் இடமளிக்கிறது. வண்ணாரப்பேட்டை ஆங்கிலத்தில் வாஷர்மேன்பேட் எனவும், தண்டையார்பேட்டை டோண்டியார்பேட் எனவும் எழுதப்படுகின்றன. இரண்டையும் தனித்தனித் திறவுகளில் பதியலாம். 2020 சூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டுச் சில நாட்களில் திரும்பப் பெற்றது. இந்நிலப்படத்திலோ ஒரு பெயருக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

பழைய பெயருக்கும் திறவு உண்டு. 2001 இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் 2014 இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. விம்கோ நகர் தன் பெயரைத் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பெற்றது. இன்று அப்பெயர் மெட்ரோ நிலையத்திற்கும் வழங்குகிறது. அரசுப் பலகையில் இல்லாத குப்பத்துப் பெயர்கள், மக்கள் வழங்கும் பெயர்கள் ஆகியவற்றையும் மாற்றுப் பெயராகச் சேர்க்கலாம். ஆனால் தனி வீட்டில் வாழ்வோரின் பெயர்களைப் பதிதல் கூடாது.

பேரிடர்க் காலப் பயன்பாடு

2010 சனவரியில் எயிட்டி நாட்டில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் அந்நாட்டின் தலைநகரைச் சில நாட்களில் விரிவாக வரைந்தனர். மீட்புக் குழுக்கள் அந்நிலப்படத்தைப் பயன்படுத்தின.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, மேப்பாக்ஸ் நிறுவனத்தினரும் தன்னார்வலர்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு வெள்ள நிலப்படம் ஒன்றை உருவாக்கினர். அதில் பொதுமக்கள் தம் தெருவைச் சொடுக்கி, அது நீரில் மூழ்கியுள்ளது எனக் குறிக்க முடிந்தது. இம்முறையின் வலிமையும் வரம்பும் ஒன்றே: முன்னரே வரையப்பட்ட தெருவை மட்டுமே சொடுக்க முடியும். நிலப்படத்தில் இல்லாத தெருவில் எவ்வளவு நீர் நின்றாலும் அதனைத் தெரிவிக்க வழியில்லை. ஆகவே பேரிடருக்கு முன்னரே வரைந்து வைத்தல் இன்றியமையாதது.

2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளநீருடன் கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் படிந்து மீனவர்கள் தொழிலிழந்தனர். இந்நிலப்படத்தில் நீரோடைகள் நீர் ஓடும் திசையிலேயே வரையப்படுகின்றன. வடிகால், கால்வாய், ஆறு ஆகியன பொதுக் கணுக்களால் முறையாக இணைக்கப்பட்டிருந்தால், ஓரிடத்தில் கசிந்த பொருள் எந்தக் குப்பத்தைச் சென்றடையும் என்பதைக் கணினியே பின்தொடர்ந்து காட்டும். கோடுகளிடையே சிறு இடைவெளி இருந்தாலும் இத்தொடர்ச்சி அறுந்துவிடும். ஓதத்தால் நீர் இருபுறமும் ஓடும் பகுதிகளில் இம்முடிவைக் கவனத்துடன் கொள்ளல் வேண்டும்.

எண்ணூர் கழிமுகமும் நிலப்பட முரண்பாடும்

கொசத்தலை ஆறு கடலுடன் கலக்கும் எண்ணூர் கழிமுகம், ஆறு, உப்பங்கழி, சேற்றுத்திட்டு, அலையாத்திக் காடு ஆகியன அடங்கிய ஈரநிலமாகும். மழைக்காலத்தில் வெள்ளநீர் கடலை அடைய இதுவே வழி. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, ஓதம் ஏறி இறங்கும் இத்தகைய பகுதியில் கட்டுமானங்களுக்குக் கடுமையான தடைகள் உள்ளன. 1996 இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல நிலப்படத்தில் இடம்பெற்ற கழிமுகத்தின் பெரும்பகுதி, பிந்தைய அரசு நிலப்படம் ஒன்றில் காணப்படவில்லை என்று 2017 இல் மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் குற்றஞ்சாட்டினர். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வழிப் பெற்ற ஆவணங்களை அவர்கள் சான்றாகக் காட்டினர். நீர் இருக்கும் இடம் நிலப்படத்தில் நிலம் ஆகுமாயின், அங்குக் கட்டுமானத்திற்கான தடையும் நீங்கிவிடும் என்பதே அவர்களின் அச்சமாகும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குச் சட்டத்தகுதி இல்லை. அரசு நிலப்படத்திற்கு அது மாற்றாகாது. ஆயினும் களத்தில் காண்பதையே பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. சதுப்பு நிலம் ஒன்று நிலப்படத்திலிருந்து நீக்கப்பட்டால், அதை நீக்கிய கணக்கு எது, நாள் எது, முன்பு அதன் எல்லை யாது என்பவற்றை எவரும் திறந்து பார்க்கலாம். தவறு நிகழாது என்பதன்று. நிகழ்ந்த தவறு மறைந்து கிடக்காது என்பதே இதன் பயனாகும்.

குறைபாடுகள்

தன்னார்வலர் மிகுந்த பகுதி விரிவாகவும், குறைந்த பகுதி வெறுமையாகவும் அமைதல் இம்முறையின் முதன்மைக் குறையாகும். வெறுமையான பரப்பைப் பார்ப்பவர் அங்கு ஒன்றும் இல்லை எனப் பிழையாகக் கருதக்கூடும். தொலைவிலிருந்து வரைவோர் நிலக்கரிச் சாம்பல் படிந்த பகுதியை வெற்று நிலமாகவும், சேற்றுத்திட்டைத் தரிசாகவும் குறித்துவிடுதல் உண்டு. பிற நிறுவனங்களின் நிலப்படங்களைப் பார்த்துப் படியெடுத்தல் பதிப்புரிமை மீறல் ஆதலால் அத்தகைய தொகுப்புகள் நீக்கப்படும். இக்குறைகளைக் களைய, அவ்விடத்தை அறிந்த உள்ளூர் மக்களின் பங்களிப்பே உறுதியான வழியாகும்.

இவற்றையும் பார்க்க

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்
எண்ணூர் கழிமுகம்
பக்கிங்காம் கால்வாய்
பெரும் முக்கோணவியல் நில அளவை