மலாக்கா பெயரில் ஒரு கிருமி

ரம்புத்தான் பழுக்கும் மாதங்களில் தோட்டத்து லயத்தில் ராத்திரித் தூக்கம் அரைகுறைதான். இருட்டியதும் வவ்வால்கள் வந்து இறங்கிவிடும். தின்பது பாதி, கொட்டுவது பாதி. தகரக் கூரையில் விடிய விடிய கொட்டை விழும் சத்தம். காலையில் தோலை மிதித்துக்கொண்டுதான் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். அணில் கடித்த பழம் இனிக்கும் என்பார்கள் அல்லவா, இங்கே அந்தப் பெருமை வவ்வாலுக்கு.

மலாக்காவின் ஜாசின் பக்கம் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்து, அது செம்பனையான பிறகும் ஊரை விட்டுப் போகாத பெரியவர் ஒருவரிடம், வவ்வால் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தொடப்பத்தால ஒரு அடி. வேற என்ன தம்பி? அதுக்காக டாக்டர்கிட்டயா போய்ச் சொல்வாங்க?"

சொல்ல மாட்டார்கள்தான். யாராவது கேட்டால்தான் உண்டு.

2006 மார்ச்சில் மலாக்காவில் அப்படிக் கேட்டார்கள். 39 வயது ஆடவர் ஒருவர் கடும் காய்ச்சலோடும் மூச்சுத் தொல்லையோடும் கிடந்தார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவர் குடும்பத்தில் மேலும் இருவருக்கு அதே உபாதை. விசாரித்ததில், அவருக்கு உடம்புக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டுக்குள் ஒரு வவ்வால் வந்துபோனது தெரிந்தது. அவரிடமிருந்து பிரித்தெடுத்த கிருமி அதுவரை யாரும் பார்த்திராதது. மலாக்கா வைரஸ் என்று பெயரிட்டார்கள்.

காய்ச்சல்காரரிடம் வவ்வாலைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் கேள்விக்கு நாம் கொடுத்த விலை 105 உயிர்.

1998 கடைசியில் ஈப்போ பக்கம் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்குக்கு இறங்கிய நோயை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பன்றிப் பண்ணைக்காரர்கள் சாவது நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளிகளின் தண்டுவட நீரிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து, அதை அமெரிக்காவுக்குத் தானே கொண்டுபோனார். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது கொசுக் கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் பக்கம் குதிரைகளையும் அவற்றைப் பழக்கியவரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் பங்காளி. ஹெண்ட்ரா பழந்தின்னி வவ்வாலிடமிருந்து வந்தது என்று ஆஸ்திரேலியர்கள் கண்டுபிடித்து வைத்திருந்ததால், இங்கேயும் எல்லோரும் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்கள். நிப்பா என்ற பெயர் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர். நோயுற்றவர்கள் 265 பேர். கொன்று புதைத்த பன்றிகள் பத்து லட்சத்தை ஒட்டி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தியோமான் தீவு. வவ்வாலைப் பிடிப்பது பெரும்பாடு. சுவாவின் குழு பிடிக்கவே இல்லை. வவ்வால் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து வைத்தது. மேலிருந்து சொட்டிய மூத்திரத்தையும், கடித்துப் போட்ட ஜம்பு ஆயர் பழத்தையும் சேகரித்தார்கள். அவற்றில் நிப்பா கிடைத்தது. வவ்வால் மூத்திரத்தில் கேட்காமலே வேறு சில கிருமிகளும் கிடைத்தன. அதில் ஒன்றுக்குப் பூலாவ் வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். மலாயில் தீவு என்று அர்த்தம், அவ்வளவுதான். அதனால் ஆளுக்கு நோய் வருமா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஏழு வருடம் கழித்து மலாக்காக்காரரின் கிருமி வந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பூலாவ் இருந்தது. இரண்டும் நெருங்கிய சொந்தம். தியோமானில் 109 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 14 பேருக்கு இரண்டு வைரஸுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. ஆக, கிருமி எப்போதோ வந்து, சாதாரணச் சளிக்காய்ச்சல் என்ற பெயரில் போயிருக்கலாம். மலேசிய ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் விலங்குநல ஆய்வகத்தாரும் சேர்ந்து 2007இல் இதை வெளியிட்டார்கள். கட்டுரையில் பதினோரு பெயர். அதில் ஒருவர் வி. குமாரசாமி. நம் பெயர் ஒன்றைப் பார்த்ததில் அற்ப சந்தோஷம், மறைப்பானேன்.

இதே இனக் கிருமி அடுத்து பேராவின் கம்பாரிலும், பாலித் தீவுக்குப் போய்த் திரும்பிய ஹாங்காங், ஜப்பான் பயணிகளிடமும் தென்பட்டது. ஆராய்ந்தவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மலாக்கா கிருமி இருந்தது.

எல்லாக் கூட்டுறவும் இப்படிச் சமமாக நடந்ததில்லை. மலாக்கா எல்லையில் பூலாவ் செபாங், தம்பின் என்ற இரண்டு ஊருக்கும் ஒரே ரயில் நிலையம். அந்தத் தம்பின் வட்டாரத்தில்தான் வெள்ளைக்காரர் காலத்தில், இங்கிலாந்தில் கண்டுபிடித்த பாலுட்ரின் மலேரியா மாத்திரையைச் சோதித்தார்கள். அதற்கு அடங்காத மலேரியா மலாயாவில் இருப்பதை ஆய்வாளர்கள் ஃபீல்டும் எடெசனும் 1950க்குள் எழுதிவிட்டார்கள். உலகத்துக்கு அது பெரிய எச்சரிக்கை. மாத்திரையை விழுங்கியவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை.

கிருமி யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எங்கள் பறவைக்காய்ச்சல் கிருமியைக் கொண்டுபோய்ச் செய்யும் தடுப்பூசி எங்களுக்கே எட்டாத விலை என்றால் எதற்குத் தர வேண்டும் என்று 2007இல் இந்தோனேசியா கையை இழுத்துக்கொண்டது. முரட்டுத்தனம் என்றார்கள். கேள்வி நியாயமானது என்பேன். 2011இல் உலக சுகாதார நிறுவனம் இன்ஃப்ளுவென்சா கிருமிகளுக்கு ஒரு பங்கீட்டு ஏற்பாடு செய்தது அதன் பிறகுதான். நோய்க்கு ஊர்ப் பெயர் வைக்காதீர்கள் என்று அந்த நிறுவனம் 2015இல் சொன்னது. மலாக்காவுக்கு அது எட்டு வருடம் தாமதம்.

வவ்வாலை அடித்து விரட்டினால் தீருமா என்றால் தீராது. டுரியான் பூ பொழுது சாயும் நேரத்தில்தான் மலரும். மகரந்தம் சுமப்பது வவ்வால். அதை ஒழித்துவிட்டு டுரியானுக்கு எங்கே போவது?

பெரியவரிடம் கதையைச் சொல்லி முடித்தேன். "அந்த மனுசன் பொழச்சிட்டாரா?"

"பொழச்சிட்டாரு."

"வூட்டுல மத்தவங்க?"

"அவங்களும்தான்."

தலையாட்டினார். வாசலில் பேரன் விழுந்து கிடந்த ரம்புத்தானைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "அத போடுடா. தாத்தா மேல இருந்து பறிச்சித் தரேன்" என்று கொக்கியை எடுக்கப் போனார்.