பத்திரிகைகளுக்கே மார்க் போட்ட பேராசிரியர்!

"காபி குடித்தால் ஆயுள் கூடும்", "சாக்லெட் தின்றால் உடம்பு இளைக்கும்" – இன்றைக்கு ஒரு செய்தி வருகிறது. நாளைக்கு அதற்கு நேர்மாறாக இன்னொரு செய்தி வருகிறது. எதை நம்புவது? எதைத் தள்ளுவது?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் கேரி ஷ்விட்சர். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். மாணவர்களின் பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிற மாதிரி, பெரிய பெரிய பத்திரிகைகளின் செய்திகளைத் திருத்தி மார்க் போட்டார் இவர்!

இது என்ன வேண்டாத வேலை என்று தோன்றுகிறதா? பின்னாளில் நடந்த ஒரு சாக்லெட் கதையைக் கேட்டால், அந்த வேலை எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

சாக்லெட் புரூடா

2015-ம் ஆண்டு. "கறுப்பு சாக்லெட் தின்றால் சீக்கிரம் இளைக்கலாம். ஆராய்ச்சியில் கண்டுபிடிப்பு!" என்று ஒரு செய்தி கிளம்பியது.

ஜெர்மனியின் 'பில்ட்' பத்திரிகை அதை முதல் பக்கத்திலேயே போட்டது. பல நாட்டுப் பத்திரிகைகளும் டெலிவிஷன்களும் பின்தொடர்ந்தன. சாக்லெட் தின்று இளைக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

மே மாதக் கடைசியில் குட்டு உடைந்தது. ஆராய்ச்சி நடத்தியதாகச் சொன்ன நிலையம் வெறும் பெயர்ப்பலகை! அதை நடத்தியவர் ஜான் போஹனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். டாக்டர் பட்டம் வாங்கியவர்தான். ஆனால், அவர் படித்தது பாக்டீரியாவைப் பற்றி. சாப்பாட்டைப் பற்றி அல்ல.

உணவு ஆராய்ச்சி என்ற பெயரில் எது வந்தாலும் பத்திரிகைகள் அப்படியே போட்டுவிடுகின்றன என்பதைக் காட்டவே, ஜெர்மன் டெலிவிஷன்காரர்களுடன் சேர்ந்து அவர் இந்த நாடகத்தை ஆடினார்.

18 கல், ஒரு மாங்காய்

ஆனால், சோதனை நடந்தது நிஜம். சோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஆயிரமா? நூறா? இல்லை. வெறும் 15 பேர்! அவர்களை மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு. இன்னொரு கோஷ்டிக்கு அதோடு தினமும் 42 கிராம் சாக்லெட். மூன்றாவது கோஷ்டி வழக்கம்போல் சாப்பிட்டது. மூன்றே வாரம், சோதனை முடிந்தது.

எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று மொத்தம் 18 விஷயங்களை அளந்தார்கள். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாமரத்தில் கண்ணை மூடிக்கொண்டு 18 கல் எறிந்தால் ஒரு மாங்காயாவது விழாதா? அதிர்ஷ்டத்தால் மட்டும் ஏதாவது ஒரு 'கண்டுபிடிப்பு' கிடைக்க, பத்துக்கு ஆறு பங்கு வாய்ப்பு உண்டு. கிடைத்தது எடை குறைவு. அதையே தலைப்பாக்கிவிட்டார்கள்.

600 யூரோ கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு விஞ்ஞான இதழும் அந்தக் கட்டுரையை வெளியிட்டது. எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை என்று போஹனனே பிறகு சொன்னார். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் கதை அங்கேயே கந்தலாகியிருக்கும்!

10 கேள்வி

கேட்கவேண்டிய கேள்விகளை ஷ்விட்சர் அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே எழுதிவைத்துவிட்டார்.

அவர் டாக்டர் அல்ல. செய்தித்தொழிலில் ஊறியவர். சி.என்.என். டெலிவிஷனின் மருத்துவச் செய்திப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 2001-ல் பேராசிரியர் ஆனார். 2006-ல் 'ஹெல்த் நியூஸ் ரிவியூ' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் அதற்கு முன்பே நடந்துவந்த இதே மாதிரி முயற்சிதான் அவருக்கு வழிகாட்டி.

ஒவ்வொரு செய்தியையும் டாக்டர்கள், ஆராய்ச்சியாளர்கள், பத்திரிகையாளர்கள் கொண்ட குழு அலசியது. கேட்ட கேள்விகள் 10.

செலவு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? நன்மை எவ்வளவு என்று கணக்கோடு இருக்கிறதா? கெடுதல் சொல்லப்பட்டதா? ஆதாரம் எப்படிப்பட்டது? சாதாரண உபாதையை பெரிய வியாதியாக்கிப் பயமுறுத்துகிறதா? சம்பந்தப்படாத நிபுணரைக் கேட்டார்களா? வேறு வழி உண்டா? இப்போதே கிடைக்குமா? உண்மையிலேயே புதுசா? கம்பெனி அனுப்பிய அறிக்கையை அப்படியே போட்டார்களா?

இதற்குத் தக்கபடி நட்சத்திரம். நன்றாக எழுதினால் ஐந்து, மோசமென்றால் பூஜ்யம்!

குடையால் மழையா?

சொற்களிலும் அவர் கறார். காபி குடிப்பவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னால், காபிதான் ஆயுளைக் கூட்டியது என்று எழுதக்கூடாது என்பது அவர் பாடம். தெருவில் குடைகள் அதிகம் தெரிந்த நாளில் மழை பெய்தது. அதற்காகக் குடையால்தான் மழை வந்தது என்று சொல்ல முடியுமா?

சதவீதக் கணக்கிலும் ஏமாந்துவிடக் கூடாது. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஓர் அறிக்கை வெளியிட்டது. பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் தின்றால் குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. அறிக்கை சரிதான். ஆனால் அதைப் படித்த பலர், நூறு பேர் தின்றால் 18 பேருக்குப் புற்றுநோய் என்று நடுங்கிப்போனார்கள்.

உண்மைக் கணக்கு வேறு. பிரிட்டனில் அந்த இறைச்சியை மிகக் குறைவாகத் தின்னும் ஆயிரம் பேரில் வாழ்நாளில் சுமார் 56 பேருக்குக் குடல் புற்றுநோய் வருகிறது. அதிகம் தின்னும் ஆயிரம் பேரில் சுமார் 66 பேர். ஆக, ஆயிரத்துக்குப் பத்துப் பேர் கூடுதல். அலட்சியப்படுத்தவும் வேண்டாம்; அலறவும் வேண்டாம். 'எத்தனையில் எத்தனை' என்று எழுதினால் ஜனங்களே முடிவுசெய்வார்கள்.

எத்தனை பேர் பாஸ்?

2008-ல் தன் ரிசல்ட்டை ஷ்விட்சர் வெளியிட்டார். அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகள், டெலிவிஷன்களில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை பற்றி வந்த 500 செய்திகள். செலவு, நன்மை, கெடுதல், ஆதாரம், மாற்றுவழி என்ற முக்கியமான ஐந்து கேள்விகளில் ஒவ்வொன்றிலும் 62 முதல் 77 சதவீதம் வரை ஃபெயில்!

அத்தனையும் ஜனங்களின் பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட செய்திகள். படித்துவிட்டுக் கடைக்கு ஓடுபவர் உண்டு. சாப்பிடுகிற மருந்தை நிறுத்துபவரும் உண்டு.

டெலிவிஷன் செய்திகள் திருந்துவதாகத் தெரியவில்லை. 2009-ல் அவற்றுக்கு மார்க் போடுவதையே அவர் நிறுத்திவிட்டார். 2010-ல் பேராசிரியர் வேலையை விட்டு, முழுநேரமும் இதிலேயே இறங்கினார்.

பணம் தீர்ந்தது

விளம்பரம் வாங்குவதில்லை, மருந்துக் கம்பெனிப் பணமும் தொடுவதில்லை என்பது அவர் கொள்கை. அறக்கட்டளைகள் தந்த பணத்தில்தான் வண்டி ஓடியது. அந்தப் பணம் தீர்ந்ததும் 2018 முடிவோடு தினசரி மார்க் போடும் வேலை நின்றது. அதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட செய்திகள் திருத்தப்பட்டிருந்தன.

வாத்தியார் போய்விட்டார். கேள்விகள் எங்கும் போகவில்லை.

அடுத்த தடவை பஸ்ஸில், டீக்கடையில் யாராவது "இதைத் தின்றால் சர்க்கரை வியாதி பறந்துபோகுமாம், ஆராய்ச்சியில் சொல்லியிருக்கான்" என்றால் கோபப்பட வேண்டாம். மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரிடம் சோதித்தான்? எத்தனை நாள்? காசு கொடுத்தது யார்?

பதில் வராவிட்டால் மார்க் என்ன போடுவது என்று உங்களுக்கே தெரியும்!