சாக்பீஸ் கடல்... அட்மிரலையே தோற்கடித்த இளம்பெண்!

போனில் போர் வியூக விளையாட்டு ஆடுபவர்களுக்குக் கடல் முற்றுகை ரொம்ப ஈஸி. எதிரியின் துறைமுக வாசலில் நாலு கப்பலை நிறுத்தினால் போதும், அவர்கள் கஜானா தானாகக் கரையும். எதிரி எங்கே இருக்கிறான் என்பதும் மேப்பில் பளிச்செனத் தெரியும். நிஜக் கடலிலோ எதிரி கண்ணிலேயே படமாட்டான்!

அந்த நிஜத்தை அப்படியே ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில். ஆண்டு 1942.

முற்றுகையில் ஒரு தீவு

இரண்டாம் உலகப்போருக்கு முன்பு பிரிட்டன் தன் உணவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை வெளிநாடுகளிலிருந்துதான் வாங்கியது. எல்லாமே கப்பலில் வரவேண்டும். கப்பல்களை மூழ்கடித்தால் பிரிட்டன் பணிந்துவிடும் என்பது ஜெர்மனியின் கணக்கு. அதற்கான ஆயுதம், 'யு-போட்' நீர்மூழ்கிகள். 1940 ஜனவரியிலேயே வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனுக்கு வந்துவிட்டன. 1942-ல் மட்டும் யு-போட்கள் ஆயிரத்துக்கும் அதிகமான கப்பல்களை மூழ்கடித்தன.

இதற்கு வழி தேட அனுப்பப்பட்டவர் கில்பர்ட் ராபர்ட்ஸ். காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டவர். லிவர்பூலின் டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் மேல்தளத்தை அவருக்கு ஒதுக்கினார்கள். உதவிக்கு 'ரென்ஸ்' எனப்படும் மகளிர் கடற்படைப் பிரிவின் இளம்பெண்கள். பலருக்கு வயது இருபதை ஒட்டித்தான். போர்க்கப்பலில் சென்று சண்டையிட்ட அனுபவம் யாருக்கும் கிடையாது.

ஓட்டை வழியே பார்!

அறையின் தரைதான் கடல். அதில் கட்டங்கள் வரைந்து, குட்டிக் கப்பல் பொம்மைகளை வைத்தார்கள். விளையாட வரும் கடற்படை அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். சிறு துவாரம் வழியாக மட்டுமே பார்க்கலாம். கப்பலின் மேல்தளத்திலிருந்து எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் தெரியும். காவல் கப்பல்களின் பாதை வெள்ளை சாக்பீஸில், நீர்மூழ்கியின் பாதை பச்சையில். துவாரம் வழியே பார்ப்பவர்களுக்கு அந்தப் பச்சைக் கோடு தெரியாது! ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டே நிமிடம்.

ஆட்டம் முடிந்ததும் திரைக்கு வெளியே வந்து, தாங்கள் எங்கே கோட்டைவிட்டோம் என்று தரையைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள்.

புதிர் அவிழ்ந்தது

நீர்மூழ்கிகள் தூரத்தில் இருந்து சுடுவதாகத்தான் அதுவரை நம்பினார்கள். சம்பவங்களை மறுபடி மறுபடி தரையில் ஆடிப் பார்த்தபோது உண்மை புரிந்தது. இரவில் நீர்மட்டத்துக்கு மேலேயே வந்து, கப்பல் கூட்டத்தின் பின்பக்கமாக உள்ளே புகுந்து, பக்கத்தில் இருந்தே சுடுகிறார்கள். பிறகு மூழ்கிப் பின்தங்கித் தப்பிக்கிறார்கள்.

அப்படியானால் தேட வேண்டிய இடம் கூட்டத்தின் பின்புறம்! இந்தப் புதிய உத்திக்கு 'ராஸ்ப்பெரி' எனப் பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற இளம்பெண். ஹிட்லரைப் பார்த்து வாயால் 'பர்ர்ர்' என்று பழிப்பது என்று அர்த்தம்!

அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன், முதல் உலகப்போரின் நீர்மூழ்கி நாயகன். அவரே நீர்மூழ்கியாக ஆடிப் பார்த்தார். ஐந்து முறையும் தோல்வி. திரைக்கு அந்தப் பக்கம் ஆடியவர், ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்.

போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் இங்கே பயிற்சி பெற்றார்கள். 1943 மே மாதம் 40-க்கும் மேற்பட்ட யு-போட்களை இழந்த ஜெர்மனி, வட அட்லாண்டிக்கில் இருந்து அவற்றைப் பின்வாங்கியது. ரேடார், விமானங்கள், ரகசியக் குறியீட்டை உடைத்தவர்கள் என அதற்குக் காரணங்கள் பல. சாக்பீஸ் கோடுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த முறை கேம் ஆடும்போது, எதிரியை மறைக்கும் 'ஃபாக் ஆஃப் வார்' வசதி இருந்தால் ஆன் செய்துவிட்டு முற்றுகையிட்டுப் பாருங்கள். நாலு கப்பல் போதாது என்பது சீக்கிரமே புரியும்!